எச்.பீ.வி கிருமியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்: அம்மா, நீங்கள், மகள் மூண்டு பேரும் செய்யவேண்டியது

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் எண்டது ஒரு வருத்தமும் இல்லாத நேரத்தில போய் ரெஸ்ட் செய்து தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய். எங்கட பக்கத்தில பொம்பிளையள் ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் ஏலாமப் போனாப் பிறகுதான், அதுவும் பிள்ளையளின்ர சோதனை முடியட்டும், மாமியின்ர கண் ஒப்பரேசன் முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும் எண்டு தள்ளித் தள்ளித்தான். இந்த வருத்தத்துக்கு அந்தப் பழக்கம் சரிவராது, அதனாலதான் என்ன செய்யோணும், எங்க போகோணும், உள்ளுக்க என்ன நடக்கும் எண்டு வெக்கப்படாமல் முழுக்க எழுதிறன்.

முதல்ல கிருமியைப் பற்றி. இந்தப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுக்கவும், நூற்றுக்கு 95 பங்கோ அதுக்கு மேலயோ, எச்.பீ.வி எண்ட வைரசாலதான் வருது. ஹரால்ட் சூர் ஹவுசன் எண்ட ஜேர்மன் விஞ்ஞானிதான் இதைக் கண்டுபிடிச்சவர், அதுக்கு 2008ல நோபல் பரிசும் குடுத்தவை. இந்த வைரசில 200க்கு மேல வகை இருக்கு, எல்லாம் பொல்லாததில்லை, 6ம் 11ம் வகை மறைவிடத்தில மரு மாதிரி வரப்பண்ணும், ஆனால் புற்றுநோயாக்காது. பயப்படவேண்டியது ஒரு பதினாலு வகைக்குத்தான், அதிலயும் 16ம் 18ம் எண்ட ரெண்டும் சேந்துதான் உலகத்தில வாற கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில 70 வீதத்துக்குக் காரணம்.

இது உடலுறவாலயும் மறைவிடத்துத் தோலோட தோல் படுறதாலயும் பரவுது. கக்கூசால, கிணத்தில குளிக்கிறதால, ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிக்கிறதால இது பரவாது. கொண்டம் பாவிச்சால் ஆபத்துக் குறையும், ஆனால் அது மூடாத இடத்துத் தோலாலயும் தொத்துறபடியால் முழுசாத் தடுக்காது. வாழ்க்கையில ஒரே ஒரு ஆளோட மட்டும் இருந்த பொம்பிளைக்கும் இது வரலாம், உறவு வைச்ச ஆக்களில கனபேருக்கு எப்பவோ ஒருக்கா தொத்தித்தான் இருக்கும். தொத்தினது தெரியாது, காய்ச்சல் வராது, நோகாது, பத்துப் பேரில ஒம்பது பேருக்கு ரெண்டு வருசத்துக்குள்ள உடம்பே அதைத் துரத்திப்போடும். மிச்ச ஆக்களுக்குத்தான் பிரச்சினை. பொல்லாத வகை ஒண்டு கருப்பைக் கழுத்தில நிலைச்சு நிண்டால், அதின்ர ஈ6, ஈ7 எண்ட ரெண்டு புரதங்கள் எங்கட கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகாமல் பாக்கிற காவலை உடைக்கும், பேந்து கலங்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்கும். அது புற்றுநோயாக சாதாரணமா 15, 20 வருசம் எடுக்கும். இந்த நீண்ட காலம்தான் எங்களுக்குக் கிடைச்ச வாய்ப்பு, அந்த இடைக்காலத்தில ஒருக்கா ரெண்டுதரம் பாத்தாலே மாறின கலங்களைக் கண்டுபிடிச்சு எடுத்துப்போடலாம், புற்றுநோய் வர விடவே தேவையில்லை.

சரி, மகளில இருந்து தொடங்குவம்.

எங்கட இலங்கையில 2017ல இருந்து பள்ளிக்கூடத்தில தரம் 6 பொம்பிளைப்பிள்ளையளுக்கு எச்.பீ.வி தடுப்பூசி காசில்லாமல் குடுக்கத் தொடங்கினவை, ஆறு மாச இடைவெளியில ரெண்டு ஊசி. பள்ளிக்கூடத்தில இருந்து துண்டு வரும், அம்மா அப்பா சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கோணும். அந்தத் துண்டு வந்தவுடனே சில வீடுகளில ஒரு குழப்பம் தொடங்கும், 'பதினொரு வயசுப் பிள்ளைக்கு இந்த வருத்தத்துக்கு ஏன் இப்ப ஊசி, எங்கட பிள்ளை அப்பிடியோ' எண்டு. இதுக்கு நேரா மறுமொழி சொல்லுறன். ஊசி வேலை செய்யிறது கிருமி தொத்த முன்னம் போட்டால்தான், தொத்தினாப் பிறகு போட்டு உள்ள கிருமியைக் கலைக்கேலாது. அதோட இந்தச் சின்ன வயசில உடம்பு குடுக்கிற எதிர்ப்புச் சக்தி பெரிய ஆக்களை விடக் கூட. உங்கட பிள்ளையின்ர நடத்தையைப் பற்றி அந்தத் துண்டு ஒண்டுமே சொல்லேல்லை, நாளைக்கு அவள் ஒழுங்கா ஒருத்தரைக் கட்டி ஒழுங்காக் குடும்பம் நடத்தினாலும் அவளுக்கு இது தேவை.

'பிள்ளை பிறக்காமப் போயிடுமாம்' எண்டு ஒரு கதை வட்ஸ்அப்பில சுத்துது, அது பொய். ஊசிக்குள்ள உயிருள்ள வைரஸ் இல்லை, வைரசின்ர டீ.என்.ஏயும் இல்லை, வெளிக்கோது மாதிரி ஒரு புரதம் மட்டும்தான், அதால தொத்து வர வழியே இல்லை. 2006ல இருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில போட்டாச்சு. கை கொஞ்சம் நோகும், சில பிள்ளையளுக்கு லேசாக் காய்ச்சல் காயும், இந்த வயசுப் பெடிச்சியள் ஊசியைக் கண்டு மயங்கி விழுறது உண்டு, அதாலதான் போட்டாப் பிறகு ஒரு கால்மணித்தியாலம் இருத்தி வைச்சுப் பாக்கிறவை, அண்டைக்குக் காலமை சாப்பிடாமப் பிள்ளையை அனுப்பாதேங்கோ. பலன் எவ்வளவெண்டு கேட்டால், இங்கிலாந்தில 12, 13 வயசில ஊசி போட்ட பிள்ளையளுக்கு இந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைஞ்சிருக்கெண்டு 2021ல வந்த ஆய்வு காட்டினது. ஸ்கொட்லாந்தில அதே வயசில போட்ட ஆக்களில ஒருத்தருக்குமே இந்தப் புற்றுநோய் வரேல்லை எண்டு 2024ல எழுதினவை.

ஊசி போடுற நாளில பிள்ளை பள்ளிக்கூடம் போகேல்லை எண்டால் அதோட விட்டிடாதேங்கோ, உங்கட எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில போய் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கோ. ரெண்டாவது ஊசிக்கும் அப்பிடித்தான். போட்ட திகதியைப் பிள்ளையின்ர சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில எழுதி எடுங்கோ.

இனி நீங்கள். 35 வயசு ஆனவுடனே ஒருக்கா, 45ல ஒருக்கா, வெல் வுமன் கிளினிக்குக்கு, அதுதான் வருத்தமில்லாத பொம்பிளையளைப் பாக்கிற அரசாங்கக் கிளினிக்குக்குப் போகோணும். இது 1996ல இருந்து நாட்டில இருக்கு, காசில்லை, அந்தந்த எம்.ஓ.எச் பிரிவில நடக்குது. எந்த நாளில எந்த நிலையத்தில எண்டது இடத்துக்கு இடம் மாறும், அதால உங்கட குறிச்சி மிட்வைஃபைக் கேக்கிறதுதான் ஆகச் சுகமான வழி. பிள்ளை வயித்தில இருக்கேக்க வீடு தேடி வந்தவ, பிள்ளைக்கு நிறை பாத்தவ, அவவேதான். கனபேர் நினைக்கிறது கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனோட மிட்வைஃபோட எங்களுக்கு வேலை முடிஞ்சுதெண்டு, இல்லை, அவவின்ர பதிவில 35 வயசுப் பொம்பிளையளைத் தேடிக் கூப்பிடுறதும் ஒரு வேலை. நெடுந்தீவு ஆக்களுக்கு குறிகாட்டுவானுக்குப் படகெடுத்து வந்தால் ஒரு முழு நாள் போயிடும் எண்டு தெரியும், அதால முதலே அங்கத்தைய மிட்வைஃபிட்டத் தீவுக்குள்ளயே கிளினிக் நாள் எப்ப எண்டு கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அதே கிளினிக்கில பிரசர், சுகர், மார்பில கட்டி இருக்கோ எண்டதும் பாப்பினம், ஒரு நாள் செலவழிச்சால் எல்லாம் முடியும்.

போக முன்னம் செய்யவேண்டியது கொஞ்சந்தான். பீரியட்ஸ் நேரம் போகாதேங்கோ, அது முடிஞ்சு நாலைஞ்சு நாளுக்குப் பிறகு நல்லம். முதல் ரெண்டு நாளும் உறவு வேண்டாம், உள்ளுக்க வைக்கிற குளிசை, கிறீம் ஒண்டும் வேண்டாம், உள்ளுக்க சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டாம், சுத்தமாப் போகோணும் எண்டு நினைச்சுக் கழுவினால் பாக்கவேண்டிய கலங்கள் கழுவுப்பட்டுப் போயிடும். சாரியை விட சட்டையோ பாவாடையோ லேசு. கூப்பிட முன்னம் சலம் விட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டி அடிவயிறு அமத்துற மாதிரி இருக்கும்.

உள்ளுக்க என்ன நடக்கும் எண்டு தெரியாததாலதான் கனபேர் போகாமல் நிக்கினம், அதால சொல்லுறன். திரை போட்ட இடத்தில கட்டில்ல படுக்கச் சொல்லுவினம், முழங்காலை மடக்கிக் காலை அகட்டோணும், இடுப்புக்குக் கீழ ஒரு சீலையால மூடிக் கொள்ளலாம். ஸ்பெக்குலம் எண்ட கருவியை மெதுவா உள்ளுக்க விட்டு விரிச்சால்தான் கருப்பைக் கழுத்து கண்ணுக்குத் தெரியும், பேந்து ஒரு சின்னத் தட்டையான குச்சியாலயோ பிரஷாலயோ அந்த இடத்தைச் சுத்தித் துடைச்சுக் கலங்களை எடுப்பினம். ரெண்டு மூண்டு நிமிசம். வெட்டுறதில்லை, ஊசி குத்துறதில்லை, மயக்கிறதும் இல்லை. இறுக்கமா உணருவீங்கள், சிலருக்குக் கொஞ்சம் நோகும், வாயால மூச்சை விட்டு இடுப்பைத் தளர விட்டால் நோ குறையும், நோகுதெண்டால் 'மிஸ், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ' எண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அண்டைக்கோ அடுத்த நாளோ ஒரு பொட்டு ரெத்தம் பட்டால் பயப்படாதேங்கோ. ஆம்பிளை டொக்டர் பாப்பாரோ எண்ட யோசினை இருந்தால் பொம்பிளை ஆள் இருப்பாவோ எண்டு முதலே மிட்வைஃபைக் கேளுங்கோ, அப்பிடிக் கேக்கிறதில பிழை இல்லை. தனியப் போகப் பயமெண்டால் அக்காவையோ பக்கத்து வீட்டு அன்ரியையோ கூட்டிக்கொண்டு போங்கோ, அவையும் செய்துகொண்டு வரலாம்.

எடுத்த கலங்களை நுணுக்குக்காட்டியால பாக்கிறதுதான் பாப் ஸ்மியர். இப்ப சில இடங்களில அதுக்குப் பதிலா எச்.பீ.வி டீ.என்.ஏ ரெஸ்ட்டும் செய்யினம், அது கலம் மாற முன்னமே பொல்லாத வகைக் கிருமி நிக்குதோ எண்டு காட்டும், உலக சுகாதார நிறுவனம் இப்ப முதல்ல சொல்லுறது இதைத்தான். உங்கட இடத்தில எது இருக்கோ அதைச் செய்யுங்கோ, நல்லது வரட்டும் எண்டு காத்துக்கொண்டு நிக்கவேண்டாம்.

இந்த இடத்தில அம்மாமாரைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது, எனக்கு ஆகக் கவலை அவையைப் பற்றித்தான். 1996ல நாட்டில இந்தக் கிளினிக்குகள் தொடங்கேக்க எங்கட சனம் எங்க நிண்டது? 1995 ஒக்ரோபர் கடைசியில யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போன காலம். அதுக்குப் பிறகு யுத்தம் முடியக் கிட்டத்தட்டப் பதினாலு வருசம். அண்டைக்கு 35 வயசில இருந்த பொம்பிளைக்கு இண்டைக்கு 60 தாண்டீட்டுது, பிள்ளையளைக் காவிக்கொண்டு ஓடின மனிசியிட்ட அப்ப பாப் ஸ்மியர் செய்தனீங்களோ எண்டு ஆர் கேட்டிருப்பினம்? கேட்டுப் பாருங்கோ, உங்கட அம்மா, மாமி, பெரியம்மா, சித்தி எத்தினை பேர் வாழ்க்கையில ஒருக்காலும் செய்யேல்லை எண்டு. தீட்டு நிண்டாச்சு இனி என்னத்துக்கு எண்டு சொல்லுவினம். மனுசன் செத்துப் பதினைஞ்சு வருசம், எனக்கு ஏன் உது எண்டு கேப்பினம், எங்கட ஊரில அப்பிடித் தனிச்சுப்போன பொம்பிளையள் எத்தினை பேர் எண்டு உங்களுக்கே தெரியும். ஆனால் இருபது வருசத்துக்கு முன்னம் தொத்தின கிருமி சத்தம் போடாமல் உள்ளுக்க கிடந்து இப்ப கலத்தை மாத்தலாம், மனுசன் இல்லையெண்டதால அது போயிடாது. ஒருக்காலும் செய்யாத ஆள் எண்டால் வயசு 45 தாண்டியிருந்தாலும் கிளினிக்கில சொல்லிக் கேளுங்கோ, அம்மா வெக்கத்தில தானாக் கேக்கமாட்டா, நீங்கள்தான் கூடப் போய்க் கேக்கோணும். ஊசி போட்ட ஆக்களும் வயசு வரேக்க ரெஸ்ட் செய்யத்தான் வேணும், ஊசி எல்லா வகைக்கும் பாதுகாப்பில்லை.

ரிசல்ட்டுக்கு வருவம். அண்டைக்கே வராது, வாறதுக்கு எவ்வளவு நாள் எடுக்கும், ஆர் அறிவிப்பினம், போன் நம்பரைச் சரியா எழுதினவையோ எண்டு கேட்டிட்டு வாங்கோ. 'திரும்ப வாங்கோ' எண்டு சொன்னால் உடனே புற்றுநோய் எண்டு நினைச்சு அழத் தொடங்காதேங்கோ, எடுத்த கலம் காணாட்டியும் கூப்பிடுவினம், சின்னத் தொற்று இருந்தாலும் கூப்பிடுவினம். கலத்தில மாற்றம் எண்டு வந்தாலும் அது படி படியாத்தான், லேசான மாற்றம் அனேகமாத் தானே மாறும், குறிப்பிட்ட காலத்தில திரும்பப் பாப்பினம். கூடின மாற்றம் எண்டால் கொல்பொஸ்கோப்பி எண்டு கருவியால பெருப்பிச்சுப் பாத்து, தேவையெண்டால் ஒரு துளி தசை எடுத்து ரெஸ்ட்டுக்கு அனுப்புவினம். மாறின பகுதியைச் சூட்டால எரிக்கிறது, கரண்ட் ஓடுற மெல்லிய கம்பி வளையத்தால வழிச்சு எடுக்கிறது எண்டு வைத்தியம் இருக்கு, இதுக்குக் கருப்பையை எடுக்கிறேல்லை, பிறகு பிள்ளை பெறலாம். இந்த நிலையில பிடிபட்டால் அது இன்னும் புற்றுநோயே இல்லை. கூப்பிட்ட பிறகு போகாமல் விடுறதுதான் இந்த முழு வேலையையும் வீணாக்கிற ஒரே விசயம், ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்தால் அந்தத் துண்டோட குறிச்ச நாளில போங்கோ.

எச்.பீ.வி பொசிற்றிவ் எண்டு ரிசல்ட் வந்தால் வீட்டுக்குள்ள இன்னொரு பிரச்சினை தொடங்கும், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. 'ஆரால வந்தது?' எண்ட கேள்வி. இந்த ரெஸ்ட் கிருமி இருக்கோ இல்லையோ எண்டுதான் சொல்லும், எப்ப வந்தது, ஆரிட்ட இருந்து வந்தது எண்டு சொல்லவே மாட்டாது. கலியாணத்துக்கு முன்னம் மனுசனுக்குத் தொத்தி அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், உங்களுக்குப் பத்து வருசத்துக்கு முன்னம் வந்து ரெஸ்ட்டில காட்டாமல் அடங்கிக் கிடந்து இப்ப தெரியலாம். ஆம்பிளையளுக்கு வழக்கமாச் செய்யிற எச்.பீ.வி ரெஸ்ட் எண்டு ஒண்டு இல்லாதபடியால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாக்கவும் ஏலாது. அதால இதை வைச்சு மனுசனையும் சந்தேகப்படாதேங்கோ, மனிசியையும் சந்தேகப்படாதேங்கோ. மனுசனிட்டச் சொல்லுறதெண்டால் இப்பிடிச் சொல்லலாம்: 'இஞ்சருங்கோ, இது கனபேருக்கு வாற கிருமி, எப்ப வந்ததெண்டு டொக்டர்மாராலயும் சொல்லேலாது, எனக்குத் திரும்பப் போய்ப் பாக்கோணும், நீங்களும் கூட வாங்கோ.' இதை வாசிக்கிற ஆம்பிளையள், நீங்கள் அந்த நேரம் கோவிச்சால் அவ அடுத்த ரெஸ்ட்டுக்குப் போகமாட்டா. அதின்ர விலை பெரிசு.

ரெஸ்ட்டுக்கு வயசு வரட்டும், கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கக்கூடாத விசயங்களும் இருக்கு. உறவுக்குப் பிறகு ரெத்தம் படுறது, ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவில ரெத்தம் போறது, தீட்டு நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு திரும்ப ஒரு பொட்டுப் பட்டாலும், கூடாத மணத்தோட, ரெத்தம் கலந்து வெள்ளை படுறது, அடிவயிறும் நாரியும் விடாமல் நோகிறது. எங்கட ஆக்கள் இதுக்கெல்லாம் 'உடம்புச் சூடு' எண்டு சொல்லி வெந்தயமும் இளநியும் குடிப்பினம், எனக்குத் தெரிஞ்ச ஒரு மாமி தீட்டு நிண்டு எத்தினையோ வருசத்துக்குப் பிறகு ரெத்தம் பட்டதை மகளிட்டக் கூடச் சொல்லாமல் மாசக்கணக்கா இப்பிடித்தான் சமாளிச்சவ, கால் வீங்கினாப் பிறகுதான் வீட்டுக்குத் தெரிஞ்சது. அந்த வயசில பட்ட ரெத்தம் எல்லாம் புற்றுநோயில்லை, ஆனால் எதால எண்டு டொக்டர் பாத்துத்தான் சொல்லோணும். கெதியா போங்கோ, பெரியாஸ்பத்திரியிலயோ பக்கத்து ஆதார ஆஸ்பத்திரியிலயோ பெண்நோயியல் கிளினிக் இருக்கு.

புற்றுநோய் எண்டே முடிவானாலும் தொடக்கத்தில பிடிச்சால் சுகமாக்கலாம், ஒப்பரேசன், ரேடியேசன், மருந்தேத்துறது எண்டு நிலையைப் பொறுத்துச் செய்வினம். முந்தி கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேணும், இரவு பஸ்ஸில போய் அங்க தெரிஞ்ச ஆக்கள் வீட்டில தங்கி. இப்ப தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, 2011ல நாட்டின்ர தெற்கு முனை தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கு முனை பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேத்துக் கட்டினது, சிங்கள ஆக்களும் தமிழ் ஆக்களும் சேந்து நடந்தவை. 'தெல்லிப்பழைக்குப் போறா' எண்டு குரலைத் தாழ்த்திக் கதைக்கிற பழக்கம் எங்களிட்ட இருக்கு, அதை விடுங்கோ, அந்தக் கதைக்குப் பயந்தே வருத்தத்தை ஒளிக்கிற ஆக்கள் இருக்கினம்.

எச்.ஐ.வி இருக்கிற பொம்பிளையளுக்கு இந்தப் புற்றுநோய் வாற ஆபத்து ஆறு மடங்கு, 15 வருசத்தில வாறது அவைக்கு அஞ்சு பத்து வருசத்தில வரலாம், அதால 25 வயசில இருந்தே ரெஸ்ட் செய்யோணும், அதுவும் அடிக்கடி. சிறுநீரகம் மாத்தின ஆக்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து கனகாலமா எடுக்கிற ஆக்களும் தங்கட டொக்டரிட்ட இதைக் கேக்கோணும். சிகரெட் குடிக்கிறதும் கிருமி நிலைச்சு நிக்க உதவும்.

வெளிநாட்டில இருக்கிற தங்கச்சிமாருக்கு ஒண்டு. இங்கிலாந்தில 25 வயசில இருந்து 64 வரைக்கும் ரெஸ்ட்டுக்குக் கடிதம் வீட்டுக்கே வரும், அதை லாச்சிக்குள்ள போட்டு மூடாதேங்கோ. ஊருக்குப் போன் எடுக்கேக்க அம்மாவுக்கு சுகர் எவ்வளவு, பிரசர் எவ்வளவு எண்டு கேக்கிறனீங்கள்தானே, அதோட பாப் ஸ்மியர் செய்தாச்சோ எண்டும் கேளுங்கோ, கடல் கடந்து கேக்கிற பிள்ளைக்கு அம்மா மறைக்காமல் சொல்லக்கூடும்.

மிட்வைஃபுக்குப் போன் எடுக்கேக்க கேக்கவேண்டியது: எங்கட பிரிவில வெல் வுமன் கிளினிக் எந்த நாள், எத்தினை மணிக்கு, எங்க, பாப் ஸ்மியரோ எச்.பீ.வி ரெஸ்ட்டோ, அடையாள அட்டையை விட வேறென்ன கொண்டு வாறது, ஒருக்காலும் செய்யாத 50, 60 வயசு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ. ரிசல்ட் கையில வந்தவுடனே அதைப் போனில படமெடுத்து வைச்சுப்போட்டு, அடுத்தது எப்ப வரோணும் எண்டு கேட்டு அந்த வருசத்தைத் துண்டின்ர மேலயே எழுதுங்கோ.